ஆடிக் காற்றுக்கு மேலே ஓடும் காற்று

(வாசகர்களின் வானிலைக் கேள்விகளுக்கு, மீனம்பாக்கத்தில் மேலடுக்குக் காற்றை அளந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் அளிக்கிறார்.)

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் வந்துவிட்டால் தொலைக்காட்சியில் எல் நினோ புராணம் தொடங்கிவிடுகிறது. பெரு நாட்டுக் கடல் சூடானால் நம் மழை குறையும் என்கிறார்கள். சரி, நம் மழை கூடினாலோ குறைந்தாலோ உலகத்துக்கு ஏதாவது ஆகுமா? அல்லது நாம் எப்போதும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கட்சிதானா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மன்னார்குடி

ஆகும் ஐயா. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே ஆகும். நீங்கள் கேட்டதற்கு 1953-லேயே சார்லஸ் நார்மண்ட் பதில் சொல்லிவிட்டார். 1927 முதல் 1944 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்தவர் அவர்.

அவருக்கு முன்னோடி கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர். 1877, 1899 பஞ்சங்களின் வடு ஆறாத காலத்தில், 1904-ல் இங்கே வந்து பொறுப்பேற்றார். உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் காற்றழுத்தக் கணக்குகளையும் நைல் நதி வெள்ளக் கணக்கையும் வரவழைத்தார். கம்ப்யூட்டர் ஏது? குமாஸ்தாக்களை வரிசையாக உட்காரவைத்துக் கையால் கணக்குப் போட்டார்கள். எந்த ஊர் அழுத்தத்தைப் பார்த்தால் நம் மழையை முன்கூட்டிச் சொல்லலாம் என்பதுதான் தேடல். அதில் கிடைத்ததுதான் பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் ‘தென் அலைவு’. இன்று எல் நினோவோடு சேர்த்தே பேசப்படுகிற அலைவு அது.

நார்மண்ட் அதே கணக்குகளை மறுபக்கமிருந்து பார்த்தார். நம் மழைக்கும் அதற்கு முந்தைய மாதங்களின் தென் அலைவுக்கும் உறவு பலவீனமாக இருந்தது. மழைக்குப் பிந்தைய மாதங்களோடு பார்த்தால் உறவு கெட்டியாக இருந்தது. வாக்கர் முன்னறிவிக்க நினைத்த மழையே, மற்ற இடங்களுக்கு முன்னறிவிப்பாக அமைந்திருந்தது! உலக வானிலையில் இந்தியப் பருவமழை தானே இயங்கும் ஓர் அங்கம் என்று நார்மண்ட் எழுதினார். எல் நினோவைப் பற்றி மட்டும் பேசும் நம் தொலைக்காட்சி அன்பர்கள் இந்தப் பகுதியை மட்டும் ஏனோ படிப்பதில்லை.

காரணம் வெப்பம். கடலில் ஆவியாகும்போது நீர் வாங்கி வைத்துக்கொள்ளும் வெப்பத்தை, மேகமாகக் குளிரும்போது காற்றிடம் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அது வெளியிடும் வெப்பத்தை மின்சார யூனிட்டாக மாற்றினால் ஏறத்தாழ 70 லட்சம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ.; அது முழுவதும் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 300 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் செலவழிக்கும் மின்சாரம் அது. இப்போது கொங்கணத்திலிருந்து வங்காளம், பர்மா வரை நான்கு மாதம் கொட்டுவதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு வெப்பம் தரையில் இல்லை, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இறக்கப்படுகிறது. காற்று சும்மா இருக்குமா?

நம் மழையும் எல் நினோவும் ஒரே பருவத்தில் வளர்கின்றன. எது எதை இழுக்கிறது என்று எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான மடக்கல். எல் நினோ வசந்தத்தில் முளைத்து டிசம்பரில் உச்சம் தொடுவது. அதனால் மழைக்குப் பிந்தைய உறவு தானாகவே கெட்டியாகத் தெரியும். அதற்காகவே வானிலை ஆய்வாளர்கள் பென் கிர்ட்மேனும் ஜகதீஷ் சுக்லாவும் 2000-ல் கணினி மாதிரியில் சோதித்தார்கள். சுக்லா உத்தரப்பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். பருவமழை நலிந்தால் பசிபிக்கின் கிழக்குக் காற்று தளர்ந்து, எல் நினோ மேலும் வலுக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆக இது கொடுக்கல் வாங்கல். 1997-ல் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது நமக்கு மழை சராசரியில் 102 சதவீதம். 2002-ல் அவ்வளவு பெரிதல்லாத எல் நினோவுக்கே ஜூலை மழை பாதியாகிவிட்டது. வாங்கும் கட்சி என்றால் இந்த வீம்பு எங்கிருந்து வந்தது?

ஆடி மாதம் மாணவர்களோடு பள்ளி மைதானத்தில் நின்றபோது, தாழ்வான மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடின. அதற்கு மேலே மெல்லிய வெள்ளை மேகம் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே போனது. கண் மயக்கமா?
— அறிவியல் ஆசிரியை, அருப்புக்கோட்டை

மயக்கம் இல்லை அம்மா. உங்கள் மாணவர்கள் பார்த்தது பூமியின் பெரிய காற்றோட்டங்களில் ஒன்றை.

மீனம்பாக்கத்தில் காலை, மாலை இரு வேளையும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை விடுவோம். ஜூலையில் அது போகும் போக்கைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். கையை விட்டதும் மேற்குக் காற்று அதைக் கடல் பக்கம் தள்ளும். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் கண்ணாடியில் பலூன் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பள்ளிக்கரணைப் பக்கம் நகர்ந்துகொண்டே உயரும். நிமிடத்துக்கு ஒருமுறை கோணம் குறிப்போம். மேகம் மறைக்காத நாளில், ஆறு, ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கோணம் மாறாமல் நிற்கும். பலூன் தயங்குகிறது என்று பொருள். பிறகு எண்கள் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். போன வழியே திரும்பி, எங்கள் தலைக்கு மேலேயே கடந்து, காஞ்சிபுரம், அரக்கோணம் திசையில் போய்விடும். மேலே போகப் போக வேகம் கூடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கருவியில் கோளாறு என்று நினைத்துத் திருகாணியைத் திருகுவார்கள்.

அந்த மேல் காற்றுக்கு வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர்; ஜெட் என்றால் குறுகிய பட்டையாக வேகமாக ஓடும் காற்று. 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், பயணி விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, தென்னிந்தியாவின் தலைக்கு நேராக ஓடுகிறது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வேகம். மழை வலுத்த நாட்களில் 140-ஐத் தாண்டுவதும் உண்டு. தென்சீனக் கடல் பக்கம் தொடங்கி, நம்மைக் கடந்து, அரபிக்கடல் மேல் ஓடி, ஆப்பிரிக்காவுக்குள் நுழைகிறது. இதைப் பற்றி 1958-ல் விரிவாக எழுதி உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம். நம் துறையைச் சேர்ந்தவர், பின்னாளில் அதன் தலைமை இயக்குநர்.

அது ஏன் அங்கே ஓடுகிறது? மேலே சொன்ன மழை வெப்பமும், வெயிலில் காயும் திபெத் மேட்டுநிலமும் சேர்ந்து வடக்கே காற்றுத் தூணையே சூடாக்கிவிடுகின்றன. சூடான தூண் உப்புகிறது. அதனால் கீழே தாழ்வழுத்தம் இருக்கும் அதே இடத்தின் மேலே, 12 கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய உயரழுத்தம் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றிக் காற்று வலமாகச் சுழல்கிறது; சுழலின் தெற்கு விளிம்பு நமக்கு வாய்த்தது. எனவே இந்த ஜெட்டின் வேகம் என்பது வடக்கே எவ்வளவு பெய்கிறது என்பதன் கணக்கு. மத்தியப் பிரதேசத்தில் மழை நின்றால் சில நாட்களில் எங்கள் பலூன் சோம்பேறியாகிவிடும். வறட்சி ஆண்டுகளில் ஜெட் தளர்கிறது, அந்தத் தளர்ச்சி ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதி மழைவரை கூடவே போகிறது.

நாளை மைதானத்தில் மறுபடி பார்க்கும்போது மாணவர்களிடம் ஒரு கம்பத்தின் நுனியைக் குறியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீற்று மேகம் மிக உயரத்தில் இருப்பதால் மெதுவாகத்தான் தெரியும், பொறுமை வேண்டும்.

உங்கள் வீட்டில் நீங்கள் சொல்லும் வானிலையை நம்புவார்களா?
— வாசகி, காரைக்குடி

மொட்டை மாடியில் வற்றல் காயவைத்திருக்கும் நாளில் மட்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்துவிடுவார்கள்.

நான் தோகாவில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் வீட்டுக்குப் பேசினால் குற்றாலத்தில் சாரல் என்கிறார்கள். எனக்கும் கேரளக் கரைக்கும் நடுவே ஒரு கடல்தான். இங்கே மட்டும் ஒரு துளி விழாதது ஏன்?
— தென்காசிக்காரர், கத்தார்

தம்பி, உங்கள் வறட்சியில் உங்கள் ஊர்ச் சாரலுக்கும் பங்கு உண்டு என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேலே போகும் காற்று எங்காவது இறங்கியாகவேண்டும். பெரும்பங்கு பூமத்திய ரேகையைத் தாண்டி, மொரீசியஸ், ரீயூனியன் தீவுகள் இருக்கும் தென் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. அங்குள்ள உயரழுத்தத்திலிருந்து புறப்படும் காற்றுதான் கென்யா, சோமாலியா கரையோரம் திரும்பி, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஓர் ஆறாகப் பாய்ந்து, குற்றாலத்துக்குச் சாரலாக வருகிறது. இது பாடப்புத்தகத்தில் உள்ளது.

பாடப்புத்தகத்தில் இல்லாதது வடமேற்குப் பக்கம் நடப்பது. 1996-ல் வானிலை ஆய்வாளர்கள் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் இருவரும் இதை விளக்கினார்கள். ஆசியப் பருவமழையின் வெப்பம் எழுப்பும் பேரலை மேற்கு நோக்கிப் பரவி, மத்திய ஆசியா, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி, கிழக்கு சகாரா வரை மேல் காற்றைச் சூடாக வைத்திருக்கிறது. வடக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று இந்தச் சூடான திரளின் ஓரமாகத் தெற்கே திரும்பி, சரிந்து இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடேறிக் காய்ந்துபோகும். அதில் மேகம் கட்டாது. மேகமில்லாத வானத்தின் வழியே இரவில் வெப்பம் எளிதாக வெளியேறுவதால் காற்று மேலும் கனத்து, மேலும் இறங்கும். பாலைவனம் தன்னைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் ஓயாமல் வீசும் வடகாற்றுக்கும் இதே கதையில் இடம் உண்டு. ஏதென்ஸில் கோடை வறண்டிருக்க ஒரு காரணம் இந்தியாவில் பெய்யும் மழை!

உங்கள் ஊரின் தூசிக்காற்று ஷமால் இருக்கிறதே, அதுவும் நம் பருவமழைக்குச் சொந்தம்தான். பாகிஸ்தான், ஈரான் பக்கம் தங்கியிருக்கும் கோடைத் தாழ்வழுத்தம் பருவமழைத் தாழ்வின் மேற்கு வால். அதற்கும் சவுதி அரேபியாவின் உயரழுத்தத்துக்கும் நடுவே கிடக்கும் சரிவில்தான் வடமேற்கிலிருந்து ஷமால் பிய்த்துக்கொண்டு வருகிறது.

வங்கக் கடலில் மே மாதம் புயல் வருகிறது, நவம்பரில் வருகிறது. ஜூலையிலும் கடல் சூடாகத்தானே இருக்கிறது? ஏன் புயல் இல்லை?
— பத்தாம் வகுப்பு மாணவி, நாகப்பட்டினம்

அருப்புக்கோட்டை ஆசிரியைக்குச் சொன்ன பதிலில் உன் பதிலும் இருக்கிறது. கீழே மேற்குக் காற்று, மேலே நேர் எதிராகக் கிழக்கு ஜெட். புயல் ஒரே தூணாக நிமிர்ந்து நின்றால்தான் வளரும். இட்லிப் பானைத் தட்டுகளில் அடித்தட்டைக் கிழக்கேயும் மேல்தட்டை மேற்கேயும் இழுத்தால் அடுக்கு நிற்குமா? கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் இந்த இழுபறியில் மேகத்தின் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாகிவிடும். வடக்கு வங்கக் கடலில் தாழ்வுமண்டலங்கள் உருவாகத்தான் செய்கின்றன. புயலாகத் தேறுவதற்குள் பெரும்பாலும் ஒடிசாவுக்குள் ஏறிவிடும். மே மாதம் ஜெட் இன்னும் வந்திருக்காது. அக்டோபரில் போய்விட்டிருக்கும். உங்கள் ஊர் ஆடி மாதம் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான்.

‘மேற்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக ஓரிரு இடங்களில் மழை’ என்று வானிலை அறிக்கையில் தினமும் வருகிறது. அப்படி என்ன மாறுபாடு? சொல்லத் தெரியாதபோது சொல்லும் வாசகமா?
— ஓட்டல் உரிமையாளர், ஆம்பூர்

அப்படி எண்ணவேண்டாம், பொருளுள்ள வாசகம்தான். மலையைத் தாண்டி வேகமாக வரும் காற்று ஓரிடத்தில் வேகம் குறைந்தால், பின்னால் வருவது அதன்மேல் குவியும். குவிந்த காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டும்தான். ஏறினால் மேகம், மேகம் முற்றினால் இடி.

இது அதிகம் நடப்பது வடக்கே மழை ஓய்ந்திருக்கும் நாட்களில். பருவமழைத் தாழ்வு இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கிவிட்டால் நடு இந்தியா காயும். மலையடிவாரத்திலும் தமிழ்நாட்டிலும் மழை கூடும். பருவமழை வலுத்திருக்கும்போது நமக்கு வறண்ட மேற்குக் காற்று நாள் முழுவதும் அடித்து, கடற்காற்றை உள்ளே விடாது. வலு குறைந்தால் கடற்காற்று மதியத்திலேயே சென்னைக்குள் வந்துவிடும். இரண்டும் உங்கள் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலோ இன்னும் கிழக்கேயோ முட்டிக்கொண்டால், இரவு பத்து மணிக்கு இடியோடு மழை. நாக்பூர் விவசாயி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வாரத்தில் உங்கள் கடையில் கூட்டம் மழைக்கு ஒதுங்கி நிற்கும்.

மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். 2010 கோடையில் மாஸ்கோ புகையில் மூழ்கியதை அங்கே இன்னும் பேசுகிறார்களாம். அதே நேரம் பாகிஸ்தானில் பெருவெள்ளம். இரண்டையும் முடிச்சுப் போடுவது சரியா?
— தந்தை, நாமக்கல்

சரி. எந்தப் பக்கமிருந்து முடிச்சுப் போடுகிறீர்கள் என்பதில்தான் வம்பு.

மாஸ்கோவில் 2010 ஜூலை 29 அன்று 38.2 டிகிரி. அந்த ஊர் கண்டிராத வெப்பம். மேற்கு ரஷ்யாவின் மேல் ஓர் உயரழுத்தம் வாரக்கணக்கில் நகராமல் குந்திவிட்டது. சதுப்புநிலக் கரி பற்றி எரிந்து புகை நகரத்தை மூடியது. அந்த உயரழுத்தத்தின் கிழக்கே மேல் காற்று தெற்காக வளைந்து இறங்கி, வட பாகிஸ்தான் மேல் வந்து நின்றது. அங்கே பருவமழையின் ஈரக்காற்றும் வந்து சேர்ந்தது. ஜூலைக் கடைசியில் கொட்டிய மழையில் சிந்து நதி பெருகி, நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நீரில் நின்றது; ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள்.

வெயில் முந்தியது, வெள்ளம் பிந்தியது. எனவே வெள்ளத்தால் வெயில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டு சூடாகிக் கிடந்த இந்தியப் பெருங்கடலும் அதன்மேல் பெய்த மழையும் வடக்கே காற்றை இறங்கவைத்து வெயிலை நீட்டித்தன என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தப் பக்கம் சாய்கிறவன். கோடையில் காஸ்பியன் கடலிலிருந்து ஜப்பான்வரை ஒரு மேற்கு ஜெட் ஓடுகிறது. வடமேற்கு இந்தியாவில் மழை எழுப்பும் அலை அதில் ஏறிக்கொண்டால் தண்டவாளத்தில் ஏறியதற்குச் சமம். கொரியா, ஜப்பான், பசிபிக் தாண்டி அமெரிக்காவரை போகும். வானிலையாளர்கள் அதன் ஆசியப் பகுதிக்குப் ‘பட்டுப்பாதை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வடக்கே மழை இல்லை, பருவமழை பொய்த்தது என்று செய்தியில் கதறுகிறார்கள். எங்கள் பக்கம் காற்றாடிகள் நிற்காமல் சுற்றுகின்றன. மழை இல்லாத ஆண்டில் காற்று மட்டும் எப்படி?
— காற்றாலைப் பணியாளர், ஆரல்வாய்மொழி

அந்தக் காற்று வழி தவறி உங்களிடம் வந்திருக்கிறது. பருவமழை வலுத்திருக்கும்போது, சோமாலியாவிலிருந்து வரும் கீழ்மட்ட ஜெட் தீபகற்பத்தின் நடுவே புகுந்து வங்கக் கடலுக்குப் போகும். மழை ஓய்ந்தால் அது தெற்கே ஒதுங்கி, இந்தியாவைத் தவிர்த்து, குமரி முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போய்விடும். கொச்சியில் வானிலை ஆய்வாளர் பி.வி. ஜோசப் தன் சகாவோடு சேர்ந்து 2004-ல் இதைக் காட்டினார். நடு இந்தியாவின் நஷ்டம் முப்பந்தலில் யூனிட்டாக ஏறுகிறது.

இவ்வளவு தொடர்பு இருக்கிறதென்றால், நம் மழையைப் பார்த்து அடுத்த மாதம் எங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாமே?
— பொறியியல் மாணவர், கோவை

ஓரளவு சொல்கிறார்கள். வானிலை ஆய்வாளர்கள் சுலோசனா காட்கிலும் சிக்காவும் 1980-ல் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டி ஒன்றைக் கண்டார்கள். பூமத்திய ரேகைப் பக்கம் உருவாகும் மேகக்கூட்டம் நாளுக்கு ஒரு அட்சரேகைப் பாகை அளவில் வடக்கே நகர்ந்து, ஓய்ந்த பருவமழையை மறுபடி எழுப்புகிறது. 30 முதல் 60 நாளுக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்று எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்கு உத்தேசமாகச் சொல்லலாம். வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான்கு வாரத்துக்கான முன்னறிவிப்பை வெளியிடுவது இதை நம்பித்தான்.

ஆனால் சுற்று சில சமயம் வராமலே போகும். 2023 ஆகஸ்டில் அப்படித்தான்: மழை 36 சதவீதம் குறைந்து, 1901 முதலான கணக்கில் மிக வறண்ட ஆகஸ்ட் ஆனது. அடுத்த கூட்டம் தெற்கே தேங்கிவிட்டதா, பசிபிக் அதை இழுத்துக்கொண்டதா என்று அப்போது கணினி மாதிரிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. உங்களுக்குக் கணக்கில் பிடிப்பு இருந்தால் வியாழக்கிழமை வரைபடங்களை ஒரு பருவம் முழுவதும் சேர்த்துவையுங்கள். இரண்டாம் வாரத்தில் சொன்னது எந்த நாட்களில் பலித்தது, எந்த நாட்களில் பலிக்கவில்லை என்று சென்னையின் மேலடுக்குக் காற்றோடு வைத்து ஒப்பிடுங்கள். பலூன் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னை நிலையத்தின் எண் 43279.